ஒருத்தரால ஸ்கூலுக்கே கெட்ட பேரு

2017-ல் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகு நடந்த ஆய்வுக் கூட்டம் அது. நான் தலைமையாசிரியராகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. இருபது வருஷம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, பதவி உயர்வுக் கலந்தாய்வில் கிடைத்த அரசு உயர்நிலைப் பள்ளி. சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் ஒரு கரிசல்காட்டு ஊர். 240 பிள்ளைகள். 41 பேர் பத்தாம் வகுப்பு எழுதியதில் 6 பேர் தவறிவிட்டார்கள். அதில் ஐந்து பேர் அறிவியலில்.

விருதுநகர் மாவட்டத்துக்குக் கல்வித் துறையில் ஒரு தனிக் கணக்கு உண்டு. தேர்ச்சி விகிதத்தில் பல வருஷம் மாநிலத்தில் முதலிடம் வாங்கிய மாவட்டம். அந்தப் பெருமை வெளியிலிருந்து பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு மே மாதம் வந்தாலே வயிற்றைக் கலக்கும். மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதை அந்த 2017-ல்தான் நிறுத்தினார்கள். ஆனால் மாவட்டத்துக்குள் பள்ளிவாரிப் பட்டியல் எப்போதும்போல ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பட்டியலில் கடைசியில் இருந்தவர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். மைக் என்னிடம் வந்தபோது என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. மேடையிலிருந்து வந்த பதில் ஞாபகம் இருக்கிறது: "ஒரு ஸ்கூலால மாவட்டத்துக்கே கெட்ட பேரு." கையில் இருந்த ஃபைலின் டேக் கயிற்றை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே நின்றிருக்கிறேன். உட்கார்ந்த பிறகு பார்த்தால் விரல் நுனி கறுத்துக் கிடந்தது.

மதியம் பள்ளிக்கு வந்ததும் ஆசிரியர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டேன். சாப்பிடக்கூட இல்லை. அறிவியல் சார் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவரைப் பார்த்து, எல்லார் முன்னாலும் சொன்னேன்: "ஒருத்தரால ஸ்கூலுக்கே கெட்ட பேரு." சார் ஒன்றும் பேசவில்லை. பேனா மூடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

மறுநாள் இரண்டாவது பாடவேளை. பத்தாம் வகுப்பு வழியாகப் போகிறேன். உள்ளே ஒரு பையன் பெஞ்ச் மேல் நிற்கிறான். சார் குரல் கேட்கிறது: "உன் ஒருத்தனால கிளாசுக்கே கெட்ட பேரு."

வராண்டாவில் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு நாள்கூட முழுசாக ஆகவில்லை. மாவட்டம் பள்ளியானது, பள்ளி வகுப்பானது, அவ்வளவுதான் மாற்றம். வாக்கியம் அதேதான். அந்தப் பையன் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தன் தம்பியிடம் என்ன சொல்லியிருப்பான் என்பது எனக்குத் தெரியாது.

தலைமைப் பண்பு பற்றி எனக்கு நாலு பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். பவர்பாயிண்ட், மதியச் சாப்பாடு, குரூப் போட்டோ எல்லாம் உண்டு. அந்த வராண்டாவில் புரிந்ததை எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லவில்லை. மேலே இருந்து வருகிற சூடு என் வழியாகத்தான் கீழே போகிறது. நான் கடத்தினால் கடைசியில் அது பெஞ்ச் மேல் நிற்கிற பிள்ளையிடம் போய்ச் சேரும்.

எங்கள் ஊர் விலக்கில், வேப்பமரத்தடியில், ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறது. இரண்டு கல் நட்டு மேலே ஒரு பலகைக் கல். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கிக்கொண்டு போகலாம். தோள் உயரத்துக்கு இருக்கும். அதைவிடத் தாழ்வாக இருந்தால் மறுபடி தூக்க முடியாது. தினமும் பஸ்ஸை விட்டு இறங்கி அதைத் தாண்டித்தான் போவேன். அந்த வாரம்தான் நின்று பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தேன். எங்கே கேட்பது என்பதில்தான் இரண்டு நாள் இழுத்தடித்தேன். என் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக் கேட்பது சுலபம். ஆனால் திட்டியது பத்துப் பேர் முன்னால். அதனால் அதே ஆசிரியர் அறையில், இடைவேளையில், எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "சார், அன்னிக்கு நான் பேசினது தப்பு. அது உங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. எனக்குச் சொன்னதை உங்க மேல இறக்கி வச்சுட்டேன்."

கதையாக இருந்தால் சார் கண் கலங்கியிருப்பார். நிஜத்தில் "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விட்டார். பழையபடி பேச ஆரம்பிக்கத் தீபாவளி ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக் கேட்கக்கூடாது என்று அப்போது தெரிந்துகொண்டேன். நம் பக்கத்துக் கணக்கை நாம் நேர் செய்கிறோம். அவர் எப்போது செய்வார் என்பது அவர் பாடு.

அதற்கப்புறம் எனக்கென்று சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன். பெரிய தத்துவம் எதுவும் கிடையாது.

முதலாவது, மேலே கூட்டம் இருந்த அன்று கீழே கூட்டம் கிடையாது. எவ்வளவு அவசரமானாலும் மறுநாள் மதியம்தான். இடையில் ஒரு ராத்திரித் தூக்கம் வந்துவிடும். கூட்டத்தில் சொன்னதை எழுதிக் கொண்டுவந்திருப்பேன் இல்லையா, அதை மறுநாள் காலையில் எடுத்து என் வார்த்தையில் திருப்பி எழுதுவேன். திட்டு எல்லாம் உதிர்ந்து, செய்ய வேண்டிய வேலை மட்டும் மிஞ்சும். ஒன்றரை மணி நேரக் கூட்டம் பெரும்பாலும் ஐந்து வரியில் முடிந்துவிடும். முயற்சி செய்து பாருங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப். தலைமையாசிரியராக இருப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். ராத்திரி ஒன்பது மணிக்கு 'மிக மிக அவசரம்' என்று ஒரு படிவம் வரும். நான் அதை அந்த நிமிஷமே ஆசிரியர் குழுவில் தட்டிவிடுவேன். தட்டிவிட்டால் என் கடமை முடிந்தது, நான் தூங்கலாம். மற்ற பத்துப் பேர் தூக்கம் போகும். மாலை ஆறு மணிக்கு மேல் எதையும் அனுப்புவதில்லை என்று நிறுத்தினேன். வருகிற படிவத்தில் பாதி, எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் ஏற்கெனவே நாங்கள் ஏற்றியிருந்த விவரம்தான். அதை நானே எடுத்து நிரப்பி அனுப்பிவிடலாம். வகுப்பாசிரியரைக் கேட்டே ஆக வேண்டியது கொஞ்சம்தான். அதைக் காலையில் வந்து நேரில் கேட்பேன். இரண்டு தடவை "உங்க ஸ்கூல் மட்டும் பெண்டிங்" என்று குழுவில் பெயர் போட்டார்கள். மூன்றாம் தடவை எனக்கு அது உறைக்கவில்லை.

அப்புறம், ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. நிர்வாக வேலையைச் சொல்லி அதை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு அலுவலகத்திலேயே உட்கார்ந்திருக்க வழி இருக்கிறது, செய்கிறவர்களும் உண்டு. நான் அதை மட்டும் விடவில்லை. தியாகம் ஒன்றும் இல்லை, எனக்கு அது மருந்து. ஃபைலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் எல்லாம் சதவீதமாகத் தெரிய ஆரம்பிக்கிறார்கள். வகுப்பில் நின்றால் ஒருத்திக்குப் பின்னம் வராது, ஒருத்தன் விடை சரியாகப் போட்டுவிட்டு வழியை மறைத்துக்கொள்வான், கடைசி பெஞ்சில் ஒருத்தன் முதல் பாடவேளையிலேயே தூங்குவான். அவன் ஏன் தூங்குகிறான் என்று போய்ப் பார்த்ததில்தான் ஒரு விஷயம் தெரிந்தது. எங்கள் ஊர் அம்மாக்கள் பட்டாசு ஆலை வேனுக்கு ஆறரை மணிக்கே கிளம்பிவிடுவார்கள். தங்கச்சிக்குத் தலை பின்னிவிட்டு, தண்ணீர் எடுத்து வைத்து, இவனே கிளம்பி வருகிறான். பாதி நாள் சாப்பிடுவதில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுவதை 'வெயில்' என்று நாங்கள் கணக்கெழுதி வந்திருக்கிறோம்.

கூட்டத்தைப் பத்து நிமிஷமாகக் குறைத்தேன். மணி அடிப்பதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் வகுப்பில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிடலாம் என்று சொன்னோம். அதுவரை அது குற்றம். பெரிய இடங்களில் கைதட்டு வாங்கும் மாற்றம் இல்லைதான். 2022-ல் காலை உணவுத் திட்டம் வந்தபோது ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வந்தது. எங்களுக்குப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் உப்புமா வாசனை வரும்போது எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். போன வருஷம் வரை அங்கே இருந்தவர்கள்தானே.

பஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆசிரியர்கள் தினமும் ஐந்து, பத்து நிமிஷம் தாமதம். வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் குறித்து வைப்பேன். நான் சிவகாசியிலிருந்து ஏழரை மணி பஸ்ஸில் வருகிறவள். ஒரு நாள் அதைத் தவறவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். மூன்று ஆசிரியர்களும் அதில்தான் இருந்தார்கள், என் பள்ளிப் பிள்ளைகள் இருபது பேரும் படியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு வந்ததே 9.15-க்கு. எங்கள் மணி 9.10. அவர்கள் நேரத்துக்கு வரவே வழியில்லை. "ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "நீங்க கேக்கலையே மேடம்" என்றார் தமிழம்மா. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, மேலே எழுதி அனுமதி வாங்கி, மணியைப் பதினைந்து நிமிஷம் தள்ளினோம். ஒரு வருஷமாகச் சிவப்பு மை அடித்த பக்கங்களை இப்போது புரட்டினாலும் கூச்சமாக இருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் யாரையும் ஒன்றும் சொல்லாத மேடம் என்று நினைத்துவிட வேண்டாம். எதிர்ப்பக்கமும் தவறு செய்திருக்கிறேன். ஒரு ஆசிரியர் ரியல் எஸ்டேட் செய்துகொண்டிருந்தார். பாடவேளையில் பாதி நேரம் வராண்டாவில் போன். அவர் வீட்டில் கஷ்டம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். மனிதாபிமானம் என்று நினைத்து நாலு மாதம் பேசாமல் இருந்தேன். உண்மையில் அது மனிதாபிமானம் இல்லை, முகத்தை முறிக்கப் பயம். அந்த நாலு மாதமும் எட்டாம் வகுப்புக்கு ஒரு பாடம் போய்விட்டது. மற்ற ஆசிரியர்கள் அவர் வகுப்பையும் சேர்த்துச் சமாளித்தார்கள், எனக்குத் தானாகவே தெரியட்டும் என்றுதான் சத்தமில்லாமல் சமாளித்தார்கள் என்று நினைக்கிறேன். கடைசியில் இரண்டு தடவை உட்காரவைத்துப் பேசினேன். மாறவில்லை. விளக்கம் கேட்டு எழுத்தில் மெமோ கொடுத்தேன். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது. முதல் வாரமே கொடுத்திருந்தால் நடுங்கியிருக்காது.

சரி, சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகள்கூடச் சத்தத்தைத் தரம் பிரிப்பார்கள். கல்குவாரி வெடி நேரத்துக்கு வரும், காலுக்கடியில் 'தொம்' என்று ஒன்றோடு நிற்கும். கோயில் கொடைக்குப் போடும் வெடியில் பயம் இல்லை. ஆலையில் ஏதாவது என்றால் முதல் சத்தத்துக்குப் பின்னால் சின்னச் சின்னதாகத் தொடர்ந்து கேட்கும். ஜன்னல் கம்பி ஆடும்.

மதியம் பன்னிரண்டரை இருக்கும். சத்துணவுக்குத் தட்டைக் கழுவிக்கொண்டு குழாயடியில் நிற்கிறார்கள். அந்தச் சத்தம் வந்தது. அப்புறம் சின்னச் சத்தங்கள். எவர்சில்வர் தட்டுகள் சிமெண்ட் தரையில் விழுந்து சுழன்று நிற்கிற ஓசை இப்போதும் எனக்குக் கேட்கும். அத்தனை பிள்ளைகளும் தெற்குச் சுவரை நோக்கி ஓடினார்கள், புகை எந்தத் திசை என்று பார்க்க. நான் செய்த முதல் காரியம் குழாய்களை ஒவ்வொன்றாக மூடியது. ஏன் செய்தேன் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் நாலு குழாயை மூடி முடிப்பதற்குள் என் மூச்சு சரியாகியிருந்தது.

நிமிர்ந்து பார்த்தால் அறிவியல் சார் வெளிக்கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய பையன்கள் நாலைந்து பேர் சுவரேறப் போனார்கள். "ஒருத்தனும் போகக்கூடாது. அம்மா இங்கதான் தேடி வருவாக. நீ அங்க போயிட்டா அவ எங்கன தேடுவா?" என்றார். வாக்கியம் அவ்வளவுதான். பையன்கள் நின்றுவிட்டார்கள்.

அவர் ஏன் அப்படிக் கதவுக்கு ஓடினார் என்று பின்னால்தான் கேட்டேன். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் ஆலைத் தொழிலாளர்கள் மட்டும் இல்லை. முதல் வெடிக்குப் பிறகு காப்பாற்றவும் பார்க்கவும் ஓடி வந்த ஊர்க்காரர்கள் பலர் அடுத்தடுத்து வெடித்ததில் மாட்டிக்கொண்டார்கள். "அன்னைக்கு ஓடுனவங்கள்ல என்கிட்டப் படிச்சவங்க இருந்தாங்க மேடம்" என்றார் சார். அவர் வகுப்பில் அந்தப் பேச்சே எடுத்ததில்லை.

அன்று எங்களிடம் எந்த ஏற்பாடும் இல்லை. யார் அம்மா எந்த ஆலை என்று எழுதி வைத்த பட்டியல் கிடையாது. பதிவேட்டில் இருக்கும் நம்பருக்கு அடித்தால் பாதி எடுக்காது. எடுக்கவும் முடியாது, பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நான் ஒருத்தி நாலு பேருக்கு மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தேன். தமிழம்மாதான் சொன்னார், "மேடம், நீங்க ஒரு போனோட இங்கயே உக்காருங்க. வேற யாரும் யாருக்கும் அடிக்க வேண்டாம். நாங்க பிள்ளைகளோட இருக்கோம்." சொன்னபடி உட்கார்ந்தேன். தலைமை என்பது சில சமயம் இன்னொருவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருவது. அது எனக்குச் சுலபமாக வரவில்லை.

ஒரு மணிக்கு மேல் வேன்கள் வர ஆரம்பித்தன. வெடித்தது ஒரு ஆலை, ஆனால் சுற்றியுள்ள எல்லா ஆலையிலும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அம்மாக்கள் கழுவாத கையோடு ஓடி வந்தார்கள். அலுமினியப் பொடி ஒட்டிய கை. ஒருத்தி கதவு திறந்ததும் ஆறாம் வகுப்புப் பையனை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் விட்ட பிறகு பார்த்தால் அவன் வெள்ளைச் சட்டை முதுகில் இரண்டு உள்ளங்கையும் பத்து விரலும் வெள்ளியில் அச்சடித்த மாதிரி இருந்தது.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு மட்டும் யாரும் வரவில்லை. மூன்றரைக்கு ஒரு ஃபோர்மேன் நம்பர் கிடைத்து விவரம் தெரிந்தது. அம்மாவுக்குத் தீக்காயம், சிவகாசி ஆஸ்பத்திரி, அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தப் பிள்ளையிடம் நான்தான் சொன்னேன். "உயிரோட இருக்காங்க. கையில காயம். மதுரைக்குப் போயிருக்காங்க. இன்னும் எனக்கு எதுவும் தெரியாது." தெரிந்ததை மட்டும், அந்த வரிசையில். 'ஒன்றும் இல்லைம்மா' என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அதற்கப்புறம் நான் சொல்கிற எதையும் அவள் நம்பியிருக்க மாட்டாள். தமிழம்மா அவளை அவள் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, ராத்திரி ஏழு மணி பஸ்ஸில் ஊருக்குப் போனார்.

இதில் எனக்குக் கடைசிவரை ஆறாத ஒன்று இருக்கிறது. இரண்டு மணி சுமாருக்குச் சத்துணவு சமைக்கும் அக்கா எங்கள் எல்லாரையும் அதட்டிச் சாப்பிட வைத்தார். "பசிச்ச வயித்தோட பயந்தா ரொம்பப் பயமா இருக்கும் டீச்சர், சாப்டுங்க" என்று பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் சாம்பார் சாதத்தைக் கரண்டி கரண்டியாகப் போட்டார். பிள்ளைகள் ஒவ்வொருத்தரிடமும் உங்க அம்மா எங்கே, அக்கா எங்கே என்று கேட்டேன். ஆசிரியர்களிடம் வீட்டுக்குப் பேசிட்டீங்களா என்று கேட்டேன். அக்காவிடம் கேட்கவில்லை. அவருடைய மகள் வேலை பார்த்தது அதே ஆலையில். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சாயங்காலம்தான் தெரிந்திருக்கிறது. அந்த மூன்று மணி நேரமும் அவர் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு இது மறுநாள் வேறு யாரோ சொல்லித் தெரியும்.

'ஸ்டாஃப்' என்றால் என் மனதில் வருகைப் பதிவேட்டில் பேர் இருப்பவர்கள் மட்டும்தான் என்று அன்று தெரிந்தது. சமையலக்கா, துப்புரவு செய்யும் அம்மா, ராத்திரிக் காவலுக்கு வரும் தாத்தா யாரும் அதில் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து ஆசிரியர் கூட்டத்தில் அவர்களுக்கும் நாற்காலி போட்டோம். முதல் இரண்டு தடவை அக்கா கதவோரமே நின்றார். மூன்றாம் தடவை உட்கார்ந்ததும் முதலில் கேட்டது: "குழாயடில தரை வழுக்குது, எப்ப சரி பண்ணுவீக?" அந்த வழுக்கலில் அந்த வருஷம் இரண்டு பிள்ளைகள் விழுந்திருந்தார்கள்.

இன்னொன்றும் செய்தோம், எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் யாராவது படித்தால் பயன்படும். ஒரு நோட்டு. நாங்கள் 'வேன் நோட்டு' என்போம். பிள்ளை பேர், வீட்டில் யார் எந்த ஆலை, எந்த வேன், டிரைவர் நம்பர், உள்ளூரில் உடனே வரக்கூடிய ஒரு சொந்தக்காரர் நம்பர். டிரைவர் நம்பர்தான் முக்கியம், அவர் வெளியே இருப்பார், போன் கையில் இருக்கும். தீபாவளி முடிந்து ஆலைகள் சில வாரம் மூடிப் பூஜை போட்டுத் திறக்கும்போது ஆட்கள் ஆலை மாறுவார்கள், அப்போது நோட்டையும் திருத்த வேண்டும். கூடவே ஒரு தாளில் யார் போன், யார் கதவு, யார் பிள்ளைகளோடு என்று எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டினோம். அதற்குப் பிறகு இரண்டு தடவை தேவைப்பட்டது. இரண்டு தடவையும் அரை மணி நேரத்தில் எல்லாப் பிள்ளைக்கும் பதில் சொல்ல முடிந்தது.

ஆலை வெடித்ததற்கு மறுநாள் யாரும் பாடம் நடத்தவில்லை, நானும் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கொடுத்தோம், பெரியவர்கள் கபடி விளையாடினார்கள். சாயங்காலம் ஆசிரியர்கள் எல்லாரும் டீயோடு உட்கார்ந்தோம். நேத்து நாம் என்ன செய்தோம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆய்வு எதுவும் இல்லை. உடற்கல்வி சார் மட்டும் சத்தமாக அழுதார். அவரை யாரும் தேற்றவில்லை. டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார் அறிவியல் சார்.

என் பங்குக்கு நான் எங்கே இறக்கி வைத்தேன் என்று கேட்டால், வேறொரு பள்ளித் தலைமையாசிரியை இருக்கிறார், கல்லூரித் தோழி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆளுக்குப் பத்து நிமிஷம் போன். ஒரு நிபந்தனை, கேட்கிறவர் அறிவுரை சொல்லக்கூடாது. "ம்" மட்டும் கொட்டலாம். பதினைந்து வருஷமாகக் கணவரிடம் புலம்பியபோதெல்லாம் அவர் தீர்வு சொல்லிக்கொண்டே இருந்தார், பாவம். தோழியோடு பேச ஆரம்பித்ததில் அவருக்கும் நிம்மதி.

தீக்காயம் பட்ட அந்த அம்மா ஏழு மாதம் கழித்துப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்தார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் தீப்பெட்டி ஒட்டியவர். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது, இவர் வீட்டுக்கு வந்து சேர இன்னும் சில வருஷம் ஆனது. அதற்குள் இவருக்குப் படிப்பு போய்விட்டது. கையெழுத்து மட்டும் முதியோர் வகுப்பில் கற்றுக்கொண்டவர். வலது கை விரல்கள் இரண்டு ஒட்டிப்போயிருந்தன. தீர்மானப் பதிவேடு அவரிடம் வந்தது. யாரோ மை டப்பாவை நீட்டினார்கள், கைநாட்டு வைக்க. அவர் அதை ஒதுக்கிவிட்டுப் பேனாவை இடது கையில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். நிறைய நேரம் ஆனது. அத்தனை பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

2023-ல் எனக்கு மாறுதல் வந்தது. இப்போது வேறு பள்ளி, இதே மாவட்டம். போன மாதம் ஒரு ஆய்வுக் கூட்டம். மறுபடியும் எழுந்து நிற்கச் சொன்னார்கள், இந்தத் தடவை வேறு ஏதோ பட்டியல். நின்றேன், பதில் சொன்னேன், ஐந்து வரி எழுதிக்கொண்டேன். மதியம் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது ஆசிரியர் அறையில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "நாளைக்குப் பேசலாம்" என்றேன். கடைசிப் பாடவேளை ஒன்பதாம் வகுப்பு. சாக்பீஸை எடுத்து விட்ட இடத்திலிருந்து கணக்கை ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"மிஸ், மைனஸை விட்டுட்டீங்க."

திரும்பிப் பார்த்தேன். ஆமாம், விட்டிருந்தேன். போட்டேன்.